எம்.எக்ஸ்-5ஐ 6 மணித்தியால ஓட்டத்துக்கு ஆயத்தப்படுத்துறது: காசை முதல்ல எதில போடுறது?

கொக்குவில்_1839 கேட்டது:

வணக்கம். என்டியூரன்ஸ் (கன நேரம் விடாமல் ஓடுற) ஓட்டத்துக்கு வண்டி கட்டின ஆக்கள் ஒருக்கா வாசிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ.

வண்டி 2001 மஸ்டா எம்.எக்ஸ்-5, ரெண்டாம் தலைமுறை. 1.8 லீற்றர் பி.பி. எஞ்சின், வி.வி.ரி. (வால்வு திறக்கிற நேரத்தை மாத்துற ஏற்பாடு) உள்ளது. யப்பான் வண்டி, பின்னுக்கு ரோர்சன் டிஃப் (ஒரு சில்லு மட்டும் வழுக்கிச் சுத்தாமல் தடுக்கிறது), மேலே துணிக்கூரை. 93,000 கிலோமீற்றர் ஓடியிருக்கு. கொம்பிரெஷன் நாலு சிலிண்டரிலயும் ஒரே மாதிரித்தான் வருது.

ஓட்டம் தார்த் தடத்தில, 6 மணித்தியாலம், 3 ஓட்டுநர். பெற்றோல் அடிக்கேக்க எஞ்சின் நிக்கவேணும், ஓட்டுநர் வெளியில நிக்கவேணும். பாதுகாப்புக்கு எஃப்.ஐ.ஏ. (உலகக் கார் ஓட்டச் சம்மேளனம்) விதி எண்டு போட்டிருக்கு. வேலை முழுக்க யாழ்ப்பாணத்தில. வண்டி காரியரில ஏ9ஆல தெற்குக்கு இறங்கும். ஓட்டத்துக்கு முன்னம் தடத்தில ஒரே ஒரு நாள்தான் ஓடிப் பாக்கக் கிடைக்கும்.

இப்ப இருக்கிற திட்டம்: சின்ன ரேர்போ ஒண்டு, 0.5 பார் அழுத்தம். முன் பிறேக்குக்கு நல்ல பாட். கேஜ் (வண்டி உருண்டால் ஓட்டுநரைக் காக்கிற குழாய்க் கூடு) 2 அங்குல ஜி.ஐ. பைப்பில. வேலை செய்யிற மெக்கானிக் "எங்கட வெய்யிலுக்குத் தேர்மோஸ்ராற்றைக் கழட்டி எறி, வண்டி சூடாகாது" எண்டு நிக்கிறார். தேர்மோஸ்ராற் எண்டது எஞ்சின் தண்ணி சூடானாப்பிறகு றேடியேற்றருக்கு வழி திறக்கிற வால்வு. காசு எல்லாத்துக்கும் காணாது. எதை முதல்ல செய்யிறது, எதை விடலாம்?

ஒயில்கறை எழுதினது:

தம்பி, ரேர்போக் கதையை இண்டைக்கே விடுங்கோ. கணக்கு இதுதான். சுற்று 100 செக்கன் எண்டு வையுங்கோ, 6 மணித்தியாலத்தில 216 சுற்று. ரேர்போ சுற்றுக்கு 2 செக்கன் தந்தாலும் மொத்தம் 432 செக்கன், 7 நிமிசம் சொச்சம். ரேர்போவுக்குப் போற ஒரு ஒயில் குழாய் கசிஞ்சால் பிற்றில (வண்டியை நிப்பாட்டித் திருத்திற இடத்தில) அரை மணித்தியாலம் போட்டுது. அதோட பெற்றோல் கூடக் குடிக்கும், ஒரு தரம் கூட நிப்பாட்டவேணும். கடைசியில வேகமான வண்டி பின்னுக்கு நிக்கும். இருக்கிற எஞ்சினை அப்பிடியே விட்டு, அதின்ர சூட்டை வெளியில எடுக்கிற வேலையில காசைப் போடுங்கோ.

இந்த எஞ்சினுக்கு ஒரு பிறவிக் கோளாறு இருக்கு. பி.பி. எஞ்சின் முதல்ல மஸ்டா 323 மாதிரியான முன்சில்லு வண்டிகளுக்குக் குறுக்காப் பூட்டச் செய்தது. அதில தண்ணிப் பம்ப் ஒரு அந்தத்தில, தேர்மோஸ்ராற் மற்ற அந்தத்தில. தண்ணி முன்னால ஏறி, நாலு சிலிண்டரையும் தாண்டி, பின்னால வெளியேறும். எம்.எக்ஸ்-5இல எஞ்சினை நெடுக்காப் பூட்டினபோது வெளி வாயையும் முன்னுக்கே கொண்டுவந்திட்டினம். ஆக, பம்பால வாற தண்ணியில கனக்க முன்பக்கத்தாலேயே திரும்பிப் போயிடும். 4ஆம் சிலிண்டரைச் சுத்தி ஓட்டம் குறைவு. றோட்டில அது தெரியாது. ஒரு மணித்தியாலம் முழு அக்சலில ஓடினால் அந்த இடம்தான் முதல் கொதிக்கும், ஹெட் காஸ்கற்றும் (எஞ்சினின்ர மேல் துண்டான ஹெட்டுக்கும் கீழ்த் துண்டுக்கும் நடுவில அடைக்கிற தகடு) அங்கதான் போகும்.

மருந்து, தேர்மோஸ்ராற்றைப் பின்னுக்கு மாத்துறது. ஹெட்டின்ர பின் முகத்தில ஹீற்றர் வாய் உள்ள மூடி இருக்கு. அதைக் கழட்டி, அந்த இடத்தில தேர்மோஸ்ராற் வீட்டைப் பூட்டவேணும். இதுக்கெண்டே செய்த செற் விக்கினம். இல்லாட்டி அதே எஞ்சின் குடும்பத்தைப் பாவிச்ச பழைய கியா செஃபியாவின்ர பின் கழுத்தைத் தேடலாம். முன்னுக்கு இருக்கிற பழைய வாயை 6 மி.மீ. அலுமினியத் தகடும் காஸ்கற்றும் போட்டு அடையுங்கோ. பின்னால இருந்து றேடியேற்றரின்ர மேல் வாய்க்கு ஒரு குழாய். றேடியேற்றர் வாயின்ர உள்விட்டத்தை அளந்து அதே அளவில எடுங்கோ. எக்ஸோஸ்ற் பக்கத்தால கொண்டுபோனால் வெப்பத் தடுப்பு உறை கட்டாயம். ஃபயர்வோலுக்கும் ஹெட்டுக்கும் நடுவில கை போற இடமே குறைவு. எஞ்சின் எப்பிடியும் இறங்குதெண்டால் அப்பவே செய்து முடியுங்கோ.

தேர்மோஸ்ராற்றைக் கழட்டி எறியிறது எங்கட ஊர்ப் பழக்கம். றோட்டில போற வானுக்கு அது ஓடும், இதுக்கு ஓடாது. தேர்மோஸ்ராற் வெறும் கதவு இல்லை. திறந்து நிக்கேக்கையும் அது ஒரு நெருக்கல். அந்த நெருக்கலாலதான் பம்ப் தள்ளுற தண்ணிக்கு ஹெட்டுக்குள்ள அழுத்தம் கூடி நிக்கும். அழுத்தம் கூட நிண்டால் எக்ஸோஸ்ற் வால்வுக்குப் பக்கத்தில நீராவிக் குமிழ் கட்டாது. எறிஞ்சால் தண்ணி லேசான வழியால சுத்திப்போட்டு வரும், மீற்றரில சூடு குறைவாக் காட்டும், உள்ளுக்க 4ஆம் சிலிண்டர் வேகும். 82 பாகையில திறக்கிற புதுத் தேர்மோஸ்ராற் ஒண்டைப் போடுங்கோ. போட முதல் சட்டித் தண்ணியில வைச்சுக் கொதிக்கப்பண்ணி, திறக்குதோ எண்டு கண்ணால பாருங்கோ.

மற்றது தண்ணி. யாழ்ப்பாணக் கிணத்துத் தண்ணி சுண்ணாம்புப் பாறைக்குள்ளால வாறது. உங்கட வீட்டுக் கேத்திலுக்குள்ள வெள்ளைப் படை பிடிச்சிருக்குமே, அதே படைதான் றேடியேற்றர் குழாய்க்குள்ளயும் பிடிக்கும். வடிச்ச தண்ணி, அதாவது பற்றறிக்கு விடுற தண்ணி மட்டும் விடுங்கோ. துரு பிடிக்காமல் இருக்கிற சேர்மானம் வேணும். கன தடங்களில கிளைகோல் கூலன்ற் விடமாட்டினம். ஊத்தினால் தார் வழுக்கும், கழுவினாலும் கெதியாப் போகாது. விதியைப் பாத்துக்கொண்டு விடுங்கோ. 1.1 பார் மூடி சரியா வேலை செய்தால் வெறும் தண்ணியும் 120 பாகை தாண்டித்தான் கொதிக்கும். பழைய மூடியை நம்பாதேங்கோ, புதுசு வாங்கிப் பம்ப் வைச்சுச் சோதியுங்கோ. அழுத்தம் 15 நிமிசம் இறங்காமல் நிக்கவேணும்.

றேடியேற்றர் ரெண்டு வரிசை அலுமினியம் நல்லது. ஆனால் அதைவிட முக்கியம் காத்து. முன் வாயால வாற காத்துக்கு றேடியேற்றருக்குள்ளால போறது கஷ்டம், பக்கத்தால போறது சுகம். அந்தப் பக்க வெளி எல்லாத்தையும் அலுமினியத் தகடும் ஃபோமும் வைச்சு அடைச்சுவிடுங்கோ. கீழ்த் தட்டு கட்டாயம் இருக்கவேணும். அதில்லாட்டி எஞ்சின் அறைக்குக் கீழால காத்து ஏறி, றேடியேற்றருக்குப் பின்னால இருக்கிற காத்து வெளிய போக ஏலாமல் முட்டிக்கொண்டு நிக்கும்.

கடைசியா மீற்றர். இந்த வண்டியின்ர வெப்ப முள்ளு வேணுமெண்டே சோம்பேறியாச் செய்தது. நடுவில போய் நிண்டால் பெரிய ஏற்ற இறக்கத்துக்கும் அசையாது. அது அசையேக்க ஹெட் வளைஞ்சு முடிஞ்சிருக்கும். ஹெட்டின்ர பின்பக்கத்தில சென்சர் வைச்சு ஒரு உண்மையான மீற்றர் போடுங்கோ. கூடவே கூலன்ற் அழுத்தத்துக்கு ஒரு சுவிச்சும் சிவப்பு லைற்றும். குழாய் வெடிச்சுத் தண்ணி முழுக்கப் போனால் வெப்ப சென்சர் வெறும் காத்தில நிண்டு குறைவான சூட்டைக் காட்டும். அழுத்த லைற் அந்தச் செக்கனே எரியும். மலிவான சாமான், எஞ்சினைக் காப்பாத்தும்.

ஒயிலுக்கு 5டபிள்யூ-40 சிந்தெற்றிக் காணும். ஒயில் கூலர் போடுங்கோ, தேர்மோஸ்ராற் உள்ள சான்ட்விச் தட்டோட (ஃபில்ரருக்கும் எஞ்சினுக்கும் நடுவில பூட்டுறது).

சில்லும்_சட்டமும் எழுதினது:

ஒயில்கறை அண்ணை சொன்னதில ஒண்டைத் தவிர மற்றதெல்லாம் சரி. ஒயில் கூலரை உடன வாங்காதேங்கோ. முதல் ஒயில் வெப்ப மீற்றர் ஒண்டு போட்டு, பழகிற நாளில 40 நிமிசம் விடாமல் ஓடிப் பாருங்கோ. 125 பாகைக்குக் கீழ நிண்டால் கூலர் தேவையில்லை. 135 தாண்டினால் கட்டாயம். கூலர் எண்டால் நாலு புதுப் பொருத்து, ரெண்டு நீளக் குழாய். ஒவ்வொண்டும் கசியக்கூடிய இடம். சான்ட்விச் தட்டின்ர நடு போல்ற் அதிர்வில இளகி ஒயில் கொட்டுறது இந்த விளையாட்டில வழமையான சாவு. இப்ப செய்யவேண்டியது, ஃபில்ரருக்குப் பின்னால இருக்கிற சின்ன ஒயில் கூலருக்குப் போற ரெண்டு கட்டைத் தண்ணிக் குழாயையும் மாத்துறது. 20 வருசம் தாண்டின றப்பர். ஒருத்தரும் அதைப் பாக்கிறதில்லை.

இனி என்ர பக்கம். இந்த வண்டியில ஓட்டத்தை முடிக்கவிடாத சாமான் முன் ஹப் பெயரிங் (ஹப் எண்டது சில்லு பூட்டிற, சுத்துற நடுத் துண்டு). டிஸ்கின்ர சூடு ஹப்புக்குள்ள இறங்கி கிறீஸை உருக்கும். ஒட்டுற ரயர் போட்டால் வளைவில வாற பாரமும் கூட. கிறீஸ் போனால் பெயரிங் அரைக்கும், பிறகு ஹப் கழுத்தோட முறியும், சில்லு தனியாப் போகும். சோதிக்கிற விதம்: ஜக்கில தூக்கி, சில்லை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்கோ. துளி ஆட்டம் இருந்தாலும் மாத்தவேணும். ஆட்டம் இல்லாட்டி, ஒரு கையைச் சுருள் ஸ்பிரிங்கில வைச்சுக்கொண்டு மற்றக் கையால சில்லைச் சுத்துங்கோ. ஸ்பிரிங் வழியாய் மணல் அரைக்கிற மாதிரி ஒரு உணர்வு விரலுக்கு வந்தால் அந்த ஹப் முடிஞ்சுது. காதுக்குக் கேக்க முதலே விரலுக்குத் தெரியும்.

புது ஹப் ரெண்டு வாங்கிப் போடுங்கோ, பழைய நல்லது ரெண்டைச் சில்லுப் போல்றோட பெட்டியில வையுங்கோ. நடு நட் ஒருதரம் அடிச்சு மடிச்சால் திரும்பப் பாவிக்கிறதில்லை. இறுக்கம் 167இல இருந்து 215 நியூட்டன் மீற்றர். முட்டுக் குழாய் போட்டுத் தொங்கிற இறுக்கம் இல்லை, ரோர்க் ரெஞ்ச். யாழ்ப்பாணத்தில 200க்கு மேல போற ரோர்க் ரெஞ்ச் கேட்டால் லொறி வேலை செய்யிற கராஜுகளில இரவல் எடுக்கலாம்.

பிறேக் பாட் "நல்லது" எண்டு மட்டும் எழுதியிருக்கிறியள். எந்தச் சூட்டுக்கு நல்லது எண்டது கேள்வி. றோட்டுப் பாட் 350, 400 பாகையில வழுக்கும். என்டியூரன்ஸுக்கெண்டு செய்த பாட் எடுங்கோ. குறுகின ஓட்டத்துக்குரிய பாட் கடிக்கும், ஆனால் 6 மணித்தியாலம் நிக்காது. தேய்மானத்தை அளவுங்கோ. உராய்வுப் பகுதி புதுசில 10 மி.மீ. எண்டு வையுங்கோ. பழகிற நாளில மணித்தியாலத்துக்கு 2 மி.மீ. போனால் 6 மணித்தியாலத்துக்கு 12. ஒரு செற் காணாது. கடைசி 3 மி.மீ. பாவிக்கவும் கூடாது, மெல்லிசானால் சூடு நேரே பிறேக் பிஸ்ரனுக்குப் போய் பிறேக் ஒயிலைக் கொதிக்கப்பண்ணும். ஆக, மூண்டரை மணித்தியாலத்துக்குள்ள மாத்தவேணும். நடு நிப்பாட்டலில பெற்றோல் அடிச்சு முடிய மாத்துறதெண்டு முதலே எழுதி வையுங்கோ. பிஸ்ரனைத் தள்ளுற ரூல், கலிப்பர் போல்றுக்கு உரிய ஸ்பானர், கைக்குத் தடிச்ச தோல் கையுறை எல்லாம் ஒரு தட்டில இருக்கவேணும். கலிப்பரின்ர வழுக்குக் கம்பிகளைக் கழட்டி, மினுக்கி, சிலிக்கோன் கிறீஸ் பூசுங்கோ. ஒண்டு இறுகினால் பாட் ஆப்பு மாதிரிச் சரிவாத் தேயும்.

புதுப் பாட்டைப் பழக்காமல் ஓடினால் டிஸ்கில திட்டுத் திட்டா ஒட்டி ஸ்ரியரிங் நடுங்கும். 100இல இருந்து 30க்கு 8, 10 தரம் அழுத்தமாப் பிடிச்சு, பிறகு பிறேக்கில கால் வைக்காமல் ரெண்டு சுற்று ஆறவிட்டு வரவேணும். மாத்துறதுக்கு வைச்சிருக்கிற செற்றையும் அண்டைக்கே பழக்கி எடுத்து வையுங்கோ. பிற்றுக்குள்ள வந்தாப்போல ஹாண்ட் பிறேக் இழுக்கவோ காலை மிதிச்சு வைக்கவோ கூடாது. சில்லுக்குக் கட்டை வையுங்கோ.

பிறேக் ஒயில்: சாதாரண டொட் 4க்குப் புதுசில ஆகக் குறைஞ்ச கொதிநிலை 230 பாகை, ஈரம் குடிச்சபிறகு 155. எங்கட கடல் காத்தில திறந்த போத்தல் கெதியா ஈரம் குடிக்கும். 300 தாண்டிக் கொதிக்கிற ஓட்ட ஒயில், மூடின போத்தல், ஓட்டத்துக்கு முதல் நாள் முழுக்க மாத்துங்கோ. மிஞ்சினதை எறியுங்கோ, அடுத்த வருசத்துக்கு எண்டு வைக்காதேங்கோ.

காத்துக் குழாய் 75 மி.மீ. டிஸ்கின்ர முகத்துக்கு ஊதினால் ஒரு பக்கம் மட்டும் ஆறி வெடிக்கும். தூசித் தகட்டைக் கழட்டி, ஹப்புப் பக்கத்தால டிஸ்கின்ர நடுவுக்கு ஊதவேணும். அப்பத்தான் உள் வரிகளுக்குள்ளால காத்து வெளிய எறியும். குழாய் சிலிக்கோன் பூசின கண்ணாடி நார்க் குழாய். தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மோட்டரின்ர உறிஞ்சு குழாய் அளவில பொருந்தும், ஆசையாவும் இருக்கும். உருகிப்போய் டிஸ்கில சுத்தும், போடாதேங்கோ.

ரயர் 205/50 15, முன்னுக்கு காம்பர் (சில்லின்ர மேல்பக்கம் உள்ளுக்குச் சாயிற சாய்வு) மைனஸ் 3 பாகை, பின்னுக்கு மைனஸ் 2.5, முன் ரோ (சில்லின்ர முன்பக்கம் உள்ளுக்கோ வெளிக்கோ திரும்பி நிக்கிற அளவு) பூச்சியம், பின்னுக்குத் துளி உள்நோக்கி. சூட்டில 32, 34 பி.எஸ்.ஐ. வாற மாதிரி குளிரில 26இல தொடங்கிப் பாருங்கோ. சில்லு நட் 110 நியூட்டன் மீற்றர். காத்துத் துப்பாக்கியால கழட்டலாம், கடைசி இறுக்கம் கையால.

கொக்குவில்_1839 எழுதினது:

ரெண்டு பேருக்கும் பெரிய உபகாரம். ரேர்போவை விட்டாச்சு. அந்தக் காசு குளிர்த்தலுக்கும் ஹப்புக்கும் போகுது. முன் வலது ஹப்பை அண்ணை சொன்ன மாதிரி ஸ்பிரிங்கில கை வைச்சுப் பாத்தன், மணல் அரைக்குது.

இனி ரெண்டு கேள்வி. கேஜுக்கு ஜி.ஐ. பைப் ஏன் கூடாது? தடிப்பு காணும்தானே? மற்றது, 48 லீற்றர் தாங்கியோட எத்தினை தரம் நிப்பாட்டவேணும்?

வல்லைவெளி_வெல்டர் எழுதினது:

தடிப்புக் கதை இல்லை தம்பி. ஜி.ஐ. பைப் தண்ணி போறதுக்குச் செய்தது. தகட்டை வளைச்சு நெடுக்க ஒட்டின மூட்டு இருக்கு, அடிபட்டால் அந்த மூட்டால பிளக்கும். வெளியில நாகப் பூச்சு. வெல்ட் பண்ணேக்க அந்தப் புகை காய்ச்சல் தரும், நாகம் வெல்டுக்குள்ள கலந்தால் ஊசித் துளை விழும். மேல பாக்க வடிவா இருக்கும், உள்ளுக்க ஸ்பொஞ். பரிசோதகர் ஒரு துளை போட்டுத் தடிப்பு அளந்த உடன வண்டியைத் திருப்பி அனுப்புவார்.

எஃப்.ஐ.ஏ. கேக்கிறது மூட்டில்லாமல் குளிர்நிலையில இழுத்த கார்பன் உருக்குக் குழாய், இழுவிசை 350 நியூட்டன் சதுர மி.மீ.க்குக் குறையாமல். பெரிய வளையம் (ஓட்டுநருக்குப் பின்னால நிக்கிறது) 45 மி.மீ. விட்டத்துக்கு 2.5 மி.மீ. தடிப்பு அல்லது 50க்கு 2.0. மற்றக் குழாய்கள் 38க்கு 2.5 அல்லது 40க்கு 2.0. வளைவின்ர ஆரை குழாய் விட்டத்தின்ர மூண்டு மடங்குக்குக் குறையக் கூடாது, வளைவில சுருக்கமோ தட்டையோ வரக் கூடாது. மணல் நிரப்பிச் சூடாக்கி வளைக்கிற முறை இதுக்குச் சரிவராது. வளைக்கிற மெசின் வேணும். கேற், கிறில் அடிக்கிற இடங்களில அது அநேகமா இல்லை. கொழும்பில அளவு குடுத்து வளைச்சு எடுத்து, இங்க கொண்டுவந்து ஒட்டுறது நல்லது.

பெரிய வளையத்தின்ர கால் இறங்கிற இடத்தில 3 மி.மீ. தடிப்பு, 120 சதுர செ.மீ. பரப்பு உள்ள தகட்டை முதல்ல வண்டிப் பொடியில வெல்ட் பண்ணவேணும். அதில ஒரு காலுக்கு ஆகக் குறைஞ்சது மூண்டு எம்8 போல்ற், 8.8 தரம். இந்த வண்டி கடற்கரை ஊரில நிண்டிருந்தால், கதவுக்குக் கீழ இருக்கிற பெட்டிச் சட்டத்தைத் தட்டிப் பாருங்கோ. பின் சில்லுக்கு முன்னால வடிகால் துளை அடைச்சுத் தண்ணி நிக்கிற இடம், அங்கதான் உள்ளால உக்கும். உக்கின தகட்டில எந்தக் கேஜ் நிண்டும் பிரயோசனமில்லை. உக்கலை வெட்டி எறிஞ்சு நல்ல தகடு வைச்சபிறகு தொடங்குங்கோ.

துணிக்கூரை வண்டியில ஒரு சுகம்: கூரையும் சட்டமும் கழட்டினால் குழாயைச் சுத்தி 360 பாகையும் ரோர்ச் போகும். மூடின காரில மேல் மூட்டை ஒட்ட நிலத்தில ஓட்டை போட்டுக் கேஜை இறக்கவேண்டி வரும். இங்க அந்தக் கரைச்சல் இல்லை. பிரச்சினை உயரம். ஓட்டுநர் ஹெல்மெற்றோட இருக்க, பெரிய வளையத்தின்ர உச்சியில இருந்து முன் வளையத்தின்ர உச்சிக்கு நேர்த்தடி ஒண்டு வையுங்கோ. தலை தடிக்குக் கீழ 5 செ.மீ. ஆவது நிக்கவேணும். மூண்டு பேரிலயும் உயரமான ஆளை இருத்தித்தான் அளவு எடுக்கவேணும். காணாட்டி சீற் சறுக்கிற தண்டவாளத்தைக் கழட்டி சீற்றை நேரா நிலத்தில பூட்டுங்கோ: நாலு இடம், எம்8 போல்ற், அடியில 3 மி.மீ. தகடு, ஒவ்வொண்டும் 40 சதுர செ.மீ. கட்டையான ஓட்டுநருக்கு முதுகுக்கு வைக்கிற ஃபோம் அச்சு செய்து குடுக்கலாம்.

சீற் பெல்ற் வாங்கேக்க லேபலைப் பாருங்கோ. எஃப்.ஐ.ஏ. 8853-2016 பெல்ற்றுக்கும் 8855-1999 சீற்றுக்கும் 5 வருசம்தான் ஆயுள். வெளிநாட்டில இருந்து மலிவாப் பழசு வருதெண்டால் அநேகமாத் திகதி முடிஞ்சது. தோள் பெல்ற் பின்னுக்குப் போகேக்க கிடையில இருந்து 10 பாகைக்கு மேல கீழ இறங்காமல் இருக்கிறது நல்லது. நிலத்தில கட்டினால் மோதேக்க முதுகெலும்பை அமத்தும்.

கட் ஓஃப் சுவிச் (அவசரத்துக்குக் கறன்றை வெட்டுறது) பற்றறியை மட்டும் வெட்டினால் எஞ்சின் நிக்காது, ஓல்ரனேற்றரே இக்னிஷனுக்குக் கறன்ற் குடுத்துக்கொண்டு ஓடும். ஆறு முனை உள்ள சுவிச் எடுத்து, இக்னிஷனையும் அதாலேயே வெட்டுங்கோ. பூட்டி முடிய எஞ்சினை 3,000 ஆர்.பி.எம்.இல வைச்சுக்கொண்டு சுவிச்சைத் திருப்புங்கோ. உடன செத்தால்தான் சரி.

ஒயில்கறை எழுதினது:

பெற்றோல் கேள்விக்கு: கடதாசியில கணக்குப் பாக்காமல் அளந்து பாருங்கோ. பழகிற நாளில தாங்கியைக் கழுத்து வரை நிரப்பி, 10 சுற்று ஓட்ட வேகத்தில ஓடி, திரும்பக் கழுத்து வரை நிரப்பேக்க எத்தினை லீற்றர் போகுது எண்டு எழுதுங்கோ. 7.2 லீற்றர் போச்சுதெண்டு வைப்பம். சுற்றுக்கு 0.72. 3 தரம் நிப்பாட்டினால் ஒரு ஓட்டு 90 நிமிசம், 54 சுற்று, 39 லீற்றர். தாங்கியில 9 லீற்றர் மிஞ்சும். கடதாசியில சரி, தடத்தில பிழை. கால் தாங்கிக்குக் கீழ போனால் நீள வளைவில பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காத்தை இழுக்கும். எஞ்சின் வளைவு முடிஞ்சு வெளிய வரேக்க இருமும். அது சக்தி போற கதை மட்டுமில்லை. கலவை மெலிஞ்சு பிஸ்ரனைச் சுடும்.

ரெண்டு வழி இருக்கு. டிக்கிக்குள்ள ஒண்டரை லீற்றர் சேர்ஜ் ராங்கும் (பம்புக்கு எப்பவும் பெற்றோல் வைச்சிருக்கிற சின்னத் தாங்கி) ரெண்டாவது பம்பும் பூட்டலாம். இல்லாட்டி 4 தரம் நிப்பாட்டலாம்: 72 நிமிச ஓட்டு, 43 சுற்று, 31 லீற்றர், 17 மிஞ்சும். முதல் ஓட்டத்துக்கு ரெண்டாவதுதான் என்ர தெரிவு. கூட ஒரு நிப்பாட்டல் நாலஞ்சு நிமிசம் தின்னும், ஆனால் டிக்கிக்குள்ள புதுப் பெற்றோல் குழாய் ஒண்டும் இல்லை. எங்கட வெய்யிலில ஒரு ஆள் நெருப்பு உடுப்போட 72 நிமிசம் இருக்கிறதே காணும். இறங்கின உடன ஜீவனி (உப்புச் சீனித் தூள்) கரைச்சுக் குடுங்கோ, வெறும் தண்ணி காணாது. பெற்றோல் 95 ஒக்ரேன் மட்டும். 92 விட்டால் நொக் சென்சர் (எஞ்சின் தட்டுறதைக் கண்டுபிடிக்கிறது) ரைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், எக்ஸோஸ்ற் சூடு ஏறும்.

ஒவ்வொரு நிப்பாட்டலிலயும் ஒயில் குச்சி பாக்கவேணும். எஞ்சின் நிண்டு ரெண்டு நிமிசம் கழிச்சு, அதாவது பெற்றோல் அடிச்சு முடிய. மேல் கோட்டுக்குக் கொண்டுவாங்கோ.

சில்லும்_சட்டமும் எழுதினது:

4 நிப்பாட்டலுக்கு நானும் சம்மதம். பாட் மாத்துறதுக்கும் வசதி, மூண்டாவது நிப்பாட்டல் 216ஆவது நிமிசம் வரும். மூண்டரை மணித்தியாலம் எண்டால் 210. ஆறு நிமிசம் பிந்துது, ஆனபடியால் ரெண்டாவதில பாட்டின்ர தடிப்பைப் பாத்துத் தீர்மானியுங்கோ. தேய்மானம் சொன்னதைவிடக் கூட எண்டால் அங்கேயே மாத்துங்கோ.

உதிரிப் பெட்டிக்கு: கிளச் சிலேவ் சிலிண்டர் (கிளச்சைத் தள்ளுற சின்னச் சிலிண்டர்). இந்த வண்டியில அது சொல்லாமல் கொள்ளாமல் கசியும், விலை குறைவு, ரெண்டு போல்ற். பிறகு ஹப், பாட், ஒரு ஜோடி டிஸ்க், எஞ்சின் பெல்ற் ரெண்டு, தண்ணிக் குழாய் முழு செற், இக்னிஷன் கொயில் ஒண்டு, ஓல்ரனேற்றர், சில்லுப் போல்ற் பத்து. ஸ்ரான்லி வீதிக் கடைகளில பெல்ற், கிளிப், குழாய் எடுக்கலாம். கொயிலும் ஓல்ரனேற்றரும் கொழும்பு பஞ்சிகாவத்தையில தேடுங்கோ. ஹப்பும் பாட்டும் வெளிநாட்டில இருந்துதான் வரவேணும், கிழமைக் கணக்காகும், இப்பவே சொல்லி வையுங்கோ. கியர் ஒயில் ஜி.எல்.-4, டிஃபுக்கு ஜி.எல்.-5. மாறி விட்டால் கியர்பெட்டியில இருக்கிற பித்தளை வளையங்களைத் தின்னும்.

சட்டத்தில இறுக்கின ஒவ்வொரு நட்டிலயும், நட்டில இருந்து தகட்டுக்குக் குறுக்கா வெள்ளைப் பெயின்றால ஒரு கோடு இழுங்கோ. காரியரில யாழ்ப்பாணத்தில இருந்து இறங்கினபிறகு ஒருக்கா, பழகி முடிய ஒருக்கா, ரோர்ச் லைற் அடிச்சுக் கோடு முறிஞ்சிருக்கோ எண்டு பாத்தால் காணும். காரியரில கட்டேக்க சட்டத்தில கொக்கி போடாதேங்கோ, சில்லுக்கு மேலால பட்டி போட்டுக் கட்டச் சொல்லுங்கோ.

கொக்குவில்_1839 எழுதினது:

கடைசிச் சந்தேகம். தேர்மோஸ்ராற்றைப் பின்னுக்கு மாத்தினால் காத்து எப்பிடி எடுக்கிறது? வாய் முழுக்கப் பின்னால, உயரத்தில வருது.

ஒயில்கறை எழுதினது:

தேர்மோஸ்ராற்றின்ர தட்டில 2 மி.மீ. துளை ஒண்டு போடுங்கோ, சில தேர்மோஸ்ராற்றில அது கிடக்கும். துளை மேல்பக்கம் நிக்கிற மாதிரிப் பூட்டவேணும். வண்டியின்ர முன்பக்கத்தை 40 செ.மீ. போலத் தூக்கி, றேடியேற்றர் மூடி ஆக உயர்ந்த இடமா வாற மாதிரி நிப்பாட்டுங்கோ. ஹீற்றரை முழுச் சூட்டில வைச்சு, மூடியைத் திறந்து, மெல்ல மெல்ல ஊத்துங்கோ. எஞ்சினை ஐட்லிங்கில (அக்சல் குடுக்காமல்) ஓடவிட்டு, தேர்மோஸ்ராற் திறக்கும் வரை நிண்டு, குமிழ் நிக்கிற வரைக்கும் மேல் குழாயைக் கையால அமத்தி அமத்தி விடுங்கோ. மூடி போட்டு, ஆறவிட்டு, அடுத்த நாள் காலமை திரும்பத் திறந்து பாருங்கோ. கால் லீற்றர் போல இறங்கியிருக்கும். அதை நிரப்பினபிறகு ரெண்டாம் நாளும் இறங்கினால் எங்கயோ கசியுது.